5 ஷில்லிங் புத்தகம், 6 ஷில்லிங் பையன்: டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை ஏன் இன்னும் ஓடுது?

பட்டாபிராமில் லோக்கல் ட்ரெயின் ஏறி சென்ட்ரலுக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? உட்கார இடம் கிடைத்தால் இந்த வாரம் ரீல்ஸைக் கொஞ்சம் ஓரம்கட்டிவிட்டு ஒரு கதை படித்துப் பாருங்கள். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் போனில் இலவசமாகவே கிடைக்கும். சின்னக் கதைதான், நாலு நாள் போய்வந்தால் முழுசா முடிச்சிடலாம். பெயர் 'எ கிறிஸ்துமஸ் கரோல்'. எழுதியவர் சார்லஸ் டிக்கன்ஸ். வெளிவந்தது 1843 டிசம்பர் 19.

கதை தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? தெரியும். எபெனேசர் ஸ்க்ரூஜ் என்று ஒரு லண்டன் முதலாளி. எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி, 7 வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன பார்ட்னரின் ஆவி வந்து நிற்கிறது. அதன் பின்னாலேயே இன்னும் 3 ஆவிகள். ஒன்று கடந்த காலத்தைக் காட்டுகிறது, ஒன்று இன்றைய நாளை, கடைசி ஒன்று இனி வரப்போவதை. விடிந்ததும் ஆள் மாறிவிடுகிறார். டக் டேல்ஸ் பார்த்த 90'ஸ் கிட்ஸுக்குத் தெரிந்த அங்கிள் ஸ்க்ரூஜ், பெயரை வாங்கியது இவரிடமிருந்துதான்.

ஆவிகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். ஆனா, இந்தக் கதையைப் படிக்கும்போது எனக்குக் கண்ணில் படுவது காசு. ஸ்க்ரூஜிடம் வேலை பார்க்கும் கிளார்க் பாப் கிராட்சிட்டுக்கு வாரச் சம்பளம் 15 ஷில்லிங். குளிருக்குப் போட அவருக்குக் கிடைப்பது ஒற்றைக் கரித்துண்டு. கரிப்பெட்டி முதலாளியின் அறையில் இருக்கிறது, போய் எடுக்க முடியாது. கிறிஸ்துமஸுக்கு ஒருநாள் லீவு கேட்டால், சும்மா உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கணுமா என்று முனகல். லீவு லெட்டரை மேனேஜருக்கு அனுப்பிவிட்டு ப்ளூ டிக்கையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கு இருக்குல்ல? அப்போ பாப் உங்களுக்குச் சொந்தக்காரர்தான்.

இவ்வளவு கணக்கும் டிக்கன்ஸுக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு அவருடைய 12-வது வயதுக்குப் போகணும்.

அப்பா ஜெயிலில், பையன் ஃபேக்டரியில்

டிக்கன்ஸ் பிறந்தது 1812 பிப்ரவரி 7, போர்ட்ஸ்மவுத்தில். அப்பா ஜான், கடற்படையின் சம்பள அலுவலகத்தில் கிளார்க். அரசாங்க உத்தியோகம், ஓரளவு நல்ல வருமானம். பிரச்னை என்னன்னா, வரவைவிடச் செலவு எப்போதும் ஒரு படி மேலே. மனிதர் நல்லவர், பேச்சில் மன்னன், கையில் காசு தங்காது. உங்கள் சொந்தத்திலும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார், யோசித்துப் பாருங்கள்.

குடும்பம் லண்டனுக்கு வந்த பிறகு கடன் கழுத்தைப் பிடித்தது. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின. எடுத்துக்கொண்டு போனது பெரும்பாலும் சின்னப் பையன் சார்லஸ்தான். அவன் உயிராக நினைத்த கதைப் புத்தகங்களும் அப்படியே விலைக்குப் போயின.

1824 பிப்ரவரியில் ஒரு பேக்கரிக்காரருக்குக் கொடுக்கவேண்டிய 40 பவுண்டு 10 ஷில்லிங்குக்காக ஜான் டிக்கன்ஸ் கைதானார். கடனாளிகளை அடைக்கும் மார்ஷல்சீ சிறை. அந்தக் காலச் சட்டப்படி கடனைத் தீர்க்காதவரை வெளியே விடமாட்டார்கள். உள்ளே இருந்துகொண்டு எப்படிச் சம்பாதித்துத் தீர்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவும் சின்னப் பிள்ளைகளும்கூட அந்தச் சிறையிலேயே போய்த் தங்கினார்கள்.

சார்லஸ் மட்டும் வெளியே, தனியாக. தேம்ஸ் நதிக்கரையில், எலிகள் ஓடும் பழைய கட்டடம் ஒன்றில் ஷூ பாலிஷ் தயாரிக்கும் கம்பெனி. பாலிஷ் ஜாடிகளின் வாயைக் காகிதம் வைத்து மூடி, நூலால் கட்டி, லேபிள் ஒட்டுவது அவன் வேலை. நாளைக்கு 10 மணி நேரம். வாரத்துக்கு 6 ஷில்லிங். அப்பாவின் கடன் 810 ஷில்லிங். பையன் ஒருவாய்கூடச் சாப்பிடாமல் முழுச் சம்பளத்தையும் கட்டினாலும், தீர்க்க 135 வாரம் ஆகும்.

பிறகு கம்பெனி வேறு தெருவுக்கு மாறியது. அங்கே ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். லேபிள் ஒட்டும் வேகத்தைத் தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர் வாங்கிய, பெரிய ஆளாக வருவோம் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

சில மாதங்களில் திவால் சட்டத்தின் உதவியால் அப்பா வெளியே வந்தார். ஆனாலும் பையனை உடனே வேலையிலிருந்து எடுக்கவில்லை. பிறகு அப்பாவுக்கும் கம்பெனிக்காரருக்கும் சண்டை வந்து எடுத்தபோது, அம்மா சமாதானம் பேசி அவனைத் திரும்ப அனுப்பப் பார்த்தார். அப்பாதான் வேண்டாம் என்று பள்ளியில் சேர்த்தார். அம்மா அனுப்ப நினைத்ததை டிக்கன்ஸ் கடைசிவரை மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

இந்தக் கதையைத் தன் பிள்ளைகளுக்குக்கூட அவர் சொன்னதில்லை. நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் மட்டும் சொன்னார். டிக்கன்ஸ் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் ஊருக்கே தெரிந்தது. அதற்குள் அந்த ஃபேக்டரிப் பையனைப் பல கதைகளில், வேறு வேறு பெயர்களில் கோடிப் பேர் படித்து அழுதிருந்தார்கள்.

1843: புகழ் இருக்கு, காசு இல்லை

அடுத்த 20 வருஷத்தை வேகமாக ஓட்டிவிடலாம். வக்கீல் ஆபீஸில் எடுபிடி, சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு பார்லிமென்ட் ரிப்போர்ட்டர், 24 வயதில் 'பிக்விக் பேப்பர்ஸ்' தொடர்கதை, அதே வருஷம் கேதரினுடன் கல்யாணம். பிறகு 'ஆலிவர் ட்விஸ்ட்'. 30 வயதுக்குள் இங்கிலாந்தின் நம்பர் ஒன் எழுத்தாளர்.

ஆனால், 1843-ல் கிராஃப் கீழே இறங்கியது. அப்போது வந்துகொண்டிருந்த 'மார்ட்டின் சஸில்விட்' தொடர், முந்தைய தொடர்கள் அளவுக்கு விற்கவில்லை. பதிப்பாளர்கள் மாதச் சம்பளத்தில் 50 பவுண்டு வெட்டுவதாகப் பேச ஆரம்பித்தார்கள். வீட்டில் 4 குழந்தைகள், கேதரின் வயிற்றில் 5-வது. வெளியே அப்பா, மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் புதுக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார். டிக்கன்ஸுக்கு அந்த டிசம்பர் நெருங்க நெருங்க மார்ஷல்சீயின் கதவு ஞாபகத்துக்கு வந்திருக்காமல் இருக்காது.

அதே வருஷம் அவரை இரண்டு விஷயங்கள் உலுக்கின. ஒன்று, சுரங்கங்களிலும் ஃபேக்டரிகளிலும் வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றிய அரசாங்க அறிக்கை. படித்ததும் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுதுவதாகச் சொன்னார். பிறகு மனசு மாறியது. பிரசுரம் போட்டால் ஏற்கெனவே ஒத்துக்கொள்கிறவர்கள் மட்டும்தானே படிப்பார்கள்? இரண்டாவது, செப்டம்பரில் லண்டன் சேரி ஒன்றில் ஃபீல்ட் லேன் பள்ளிக்குப் போய்வந்தது. கந்தல் உடையில் வரும் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட இலவசப் பள்ளி அது. கதையில், இரண்டாவது ஆவியின் அங்கிக்குள்ளிருந்து ஒட்டி உலர்ந்த ஒரு பையனும் ஒரு பெண்ணும் வெளியே வருவார்கள். பையனின் பெயர் அறியாமை, பெண்ணின் பெயர் இல்லாமை. சினிமாக்காரர்கள் பலர் அந்தக் காட்சியைச் சுருக்கிவிடுவார்கள் அல்லது தூக்கிவிடுவார்கள். எனக்குக் கேட்டால், கதையின் உயிரே அந்த ஒரு பக்கம்தான்.

அக்டோபரில் ஆரம்பித்து 6 வாரத்தில் எழுதி முடித்தார். பகலில் எழுத்து. ஊர் தூங்கிய பிறகு லண்டன் தெருக்களில் 15, 20 மைல் நடை. நடந்துகொண்டே அழுதார், சிரித்தார் என்று அவரே நண்பர்களுக்கு எழுதியிருக்கிறார். பாப் கிராட்சிட்டின் குடும்பத்தைக் கொண்டுபோய்க் குடிவைத்தது கேம்டன் டவுனில். அப்பா சிறைக்குப் போகும் முன் டிக்கன்ஸ் குடும்பம் வாடகைக்கு இருந்த அதே பகுதி! தனிமையில் வாடும் சின்ன ஸ்க்ரூஜை வீட்டுக்குக் கூட்டிப்போக வரும் தங்கைக்கு ஃபேன் என்று பெயர் வைத்தார். டிக்கன்ஸின் அக்கா பெயர் ஃபேனி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இருவரும் சேர்ந்துதான் அப்பாவைப் பார்க்கச் சிறைக்குப் போவார்கள்.

பாப்பின் ஊனமுற்ற மகன் டைனி டிம் பிழைத்துக்கொண்டான் என்று கதை முடிவில் ஒரு வரி வரும். நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கும் கையெழுத்துப் பிரதியில் அந்த வரி இல்லை. அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் சேர்த்திருக்கிறார். அந்த ஒரு வரி இல்லாமல் இந்தக் கதை 180 வருஷம் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஹிட்டான புத்தகம், கையைக் கடித்த லாபம்

புத்தகம் அழகாக இருக்கணும் என்று அடம்பிடித்தார். தங்க முலாம் பூசிய ஓரம், ஜான் லீச் வரைந்து கையால் வண்ணம் தீட்டிய 4 படங்கள். விலை 5 ஷில்லிங். பாப் கிராட்சிட் தன்னைப் பற்றிய புத்தகத்தைத் தானே வாங்கணும்னா வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்கணும். ஜாடிக்கு லேபிள் ஒட்டிய அந்தப் பையன் வாங்கியிருந்தால் கையில் மிஞ்சுவது 1 ஷில்லிங்.

முதலில் அச்சிட்ட 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளே காலி. 1,000 பவுண்டு வரும் என்று கனவு கண்டார். தயாரிப்புச் செலவு போக அந்த 6,000-த்தில் கைக்கு வந்தது 230 பவுண்டுதான். போதாக்குறைக்கு ஒரு கும்பல் கதையைச் சுருக்கி மலிவுப் பதிப்பாக இறக்கியது. அன்றைய பைரஸி! கேஸ் போட்டு ஜெயித்தார். உடனே அந்தக் கும்பல் திவால் நோட்டீஸ் கொடுத்துவிட, நஷ்டஈடு வராமல், கோர்ட் செலவாக 700 பவுண்டு டிக்கன்ஸ் தலையில் விழுந்தது. கடனில்லாத கிறிஸ்துமஸுக்காக எழுதிய கதை அவருக்கே அதைத் தரவில்லை.

ஆனால், கதை நிற்கவில்லை. சில வாரங்களிலேயே லண்டன் நாடக மேடைகளில் ஏறியது. 1901-லேயே மௌனப் படமானது. மப்பெட் பொம்மைகளோடு மைக்கேல் கேய்ன், அனிமேஷனில் ஜிம் கேரி என்று இன்றுவரை ஸ்க்ரூஜுக்கு வேலை ஓயவில்லை. ஏன் என்று கேட்டால், பண்டிகை, பனி, வான்கோழி என்று பலர் சொல்வார்கள். நம்ம ஊரில் பனியும் இல்லை, வான்கோழியும் பெரும்பாலும் இல்லை. இருந்தும் பிடிக்கிறதே? பண்டிகை போனஸ் எவ்வளவு வரும், வருமா வராதா என்று காத்திருக்கும் எந்த ஊருக்கும் இந்தக் கதை புரியும். தீபாவளிக்கு முந்தின வாரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், ஒரு வரிகூட விளக்கவேண்டியிருக்காது. ஸ்க்ரூஜ் விடிந்ததும் தவம் செய்யக் காட்டுக்குப் போகவில்லை. சம்பளத்தை ஏற்றினார், கரி வாங்கச் சொன்னார், டிம்முக்கு இன்னொரு அப்பா மாதிரி ஆனார். நாளைக் காலை எந்த முதலாளியும் நினைத்தால் செய்யக்கூடிய வேலைகள் இவை. அதனால்தான் படிக்கும்போது, அடடா, ஏன் செய்யமாட்டேங்கிறாங்க என்று கோபமும் வருகிறது.

இப்படி ஒருவர் நிஜமாகவே செய்ததாகப் பதிவும் இருக்கிறது. 1867 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் டிக்கன்ஸ் இந்தக் கதையை மேடையில் வாசித்தார். கேட்டுவிட்டுப் போன ஃபேர்பேங்க்ஸ் என்ற தொழிற்சாலை அதிபர், அதுவரை கிறிஸ்துமஸ் அன்றும் ஓடிக்கொண்டிருந்த தன் ஃபேக்டரிக்கு லீவு விட்டு, தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு வான்கோழி கொடுக்க ஆரம்பித்தாராம்.

மேடை வாசிப்பு தொடங்கியது 1853-ல், பர்மிங்ஹாமில், ஒரு கல்வி நிறுவனத்துக்கு நிதி திரட்ட. மூன்று இரவுகளில் ஒன்று தொழிலாளர்களுக்கென்றே குறைந்த டிக்கெட்டில் நடக்கணும் என்று டிக்கன்ஸே கேட்டு வாங்கினார். 5 ஷில்லிங் கொடுக்க முடியாதவர்கள் அன்று அந்தக் கதையை எழுதியவர் வாயாலேயே கேட்டார்கள்.

நம் பக்கம் வந்த மகன்கள்

உங்கள் ட்ரெயின் ஓடும் இந்தத் தடத்தில், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது 1856 ஜூலை 1. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. அந்த நேரத்தில் டிக்கன்ஸ் எழுதிக்கொண்டிருந்த தொடர் 'லிட்டில் டாரிட்'. அதன் நாயகி பிறந்து வளர்வது எங்கே தெரியுமா? மார்ஷல்சீ சிறையில். 30 வருஷம் ஆகியும் அந்தச் சிறை அவரை விடவில்லை.

அடுத்த வருஷம், 1857 ஜூலையில், அவருடைய 16 வயது மகன் வால்டர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்தில் சேர இந்தியாவுக்குக் கப்பல் ஏறினான். சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த வருஷம். கான்பூர் செய்திகள் லண்டனை எட்டியபோது டிக்கன்ஸ் எழுதிய ஒரு கடிதம் இன்றும் நமக்குக் கசக்கும். தனக்கு மட்டும் இந்தியாவில் தளபதிப் பதவி கிடைத்தால் அந்த இனத்தையே பூமியில் இல்லாமல் துடைத்துவிட முயல்வேன் என்கிற அர்த்தத்தில் எழுதினார். அந்த டிசம்பரில் அவரும் வில்கி காலின்ஸும் சேர்ந்து கொண்டுவந்த கிறிஸ்துமஸ் ஸ்பெஷல் கதை, அந்தக் கோபத்திலிருந்தே பிறந்தது. பிரிட்டிஷ்காரர்களைக் காட்டிக்கொடுக்கும் உள்ளூர்த் துரோகி, முற்றுகை, வீரம். களம் மட்டும் மத்திய அமெரிக்கா. அதை இன்று யார் படிக்கிறார்கள்?

லண்டன் சேரிப் பிள்ளையின் பசியைப் பார்த்துத் துடித்த மனசுக்கு, கடல் தாண்டி இருந்தவர்கள் மனுஷங்களாகத் தெரியாமல் போனார்கள். அவர் காலம் அப்படி என்று சொல்லிச் சிலர் கடந்துவிடுவார்கள். என்னால் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஸ்க்ரூஜை எழுதியவரிடம் கூடுதலாக எதிர்பார்க்கத்தானே செய்வோம்?

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். 10 பிள்ளைகள் பெற்ற கேதரினை 1858-ல் பிரித்து அனுப்பிவிட்டார். இளம் நடிகை எல்லென் டெர்னன் அவர் வாழ்க்கையில் வந்திருந்த நேரம். பிரிவைப் பற்றி அவரே பத்திரிகையில் அறிக்கை போட்டது, சொல்லப்போனா, இன்றைய செலிபிரிட்டி டிவோர்ஸ் போஸ்ட்டுகளைவிட மோசமான ஐடியா.

வால்டருக்குத் தாத்தாவின் குணம் ஒட்டிக்கொண்டது. இந்தியாவில் கடன்மேல் கடன். அப்பா ஒருமுறை தீர்த்துவைத்தார், மறுபடியும் சேர்ந்தது. 1863 டிசம்பர் 31, உடம்பு முடியாமல் ஊர் திரும்ப லீவு வாங்கி கல்கத்தா வந்த வால்டர், அங்கே மருத்துவமனையில் ரத்தம் கக்கி இறந்துபோனான். வயது 22. செய்தி கடல் தாண்டி டிக்கன்ஸின் கைக்கு வந்த நாள் 1864 பிப்ரவரி 7. அவருடைய 52-வது பிறந்தநாள். மகன் விட்டுப்போன கடன் பில்கள் பின்னாலேயே வந்தன.

இன்னொரு மகன் ஃபிரான்சிஸ், வங்காள போலீஸில் சேர அதற்குள் கப்பல் ஏறியிருந்தான். அண்ணனைப் பார்க்கும் ஆசையில் வந்து இறங்கியவனுக்குக் கிடைத்தது சாவுச் செய்தி. 1843-ல் கிறிஸ்துமஸ் கதை எழுதியபோது கேதரின் வயிற்றில் இருந்த குழந்தை இந்த ஃபிரான்சிஸ்தான்.

வால்டரின் கல்லறைக் கல்லை 1987-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழக மாணவர்கள் முயற்சியெடுத்து, கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் பழைய கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தப் பக்கம் போனால் இன்றும் பார்க்கலாம்.

கடைசி மேடை

1865 ஜூன் 9 அன்று டிக்கன்ஸ் வந்த ரயில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் பாலத்தில் கவிழ்ந்தது. முதல் வகுப்புப் பெட்டிகளில் கீழே விழாமல் பாலத்தில் தொங்கியது அவர் இருந்த பெட்டி மட்டும்தான். இறங்கி, அடிபட்டவர்களுக்குத் தன் தொப்பியில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அதன் பிறகு ரயில் ஏறினாலே நடுக்கம். ஆனாலும் மேடை வாசிப்புக்காக ஊர் ஊராக ரயிலில்தான் போனார். காசு வந்தது, நிறைய. உடம்பு போனது. டாக்டர்கள் நிறுத்தச் சொல்லியும் கேட்கவில்லை. கடன் பயம் ஒருமுறை உள்ளே போய்விட்டால் எவ்வளவு சம்பாதித்தாலும் வெளியே வராது போல.

1870 மார்ச் 15, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் ஹால். விடைபெறும் வாசிப்பு. இத்தனை நாவல்கள் இருந்தும் அன்றைக்கு அவர் முதலில் கையிலெடுத்தது கிறிஸ்துமஸ் கதையைத்தான். பிறகு பிக்விக்கிலிருந்து ஒரு பகுதி. மேடையிலிருந்து இறங்கும்போது கண்ணீர்.

மூன்று மாதத்தில், ஜூன் 9 அன்று இறந்துபோனார். ரயில் விபத்து நடந்து சரியாக 5 வருஷம். ஆடம்பரமில்லாமல், ஊரைக் கூட்டாமல் அடக்கம் செய்யணும் என்று உயிலில் எழுதியிருந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஜூன் 14 காலை, ஒரு சிலர் மட்டும் இருக்க, சத்தமில்லாமல் அடக்கம் நடந்தது. பிறகு மக்கள் பார்ப்பதற்காகக் குழியை மூடாமல் வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் வரிசையில் வந்து பூப்போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பூக்களுக்கு நடுவே, கந்தல் துணியால் கட்டிய சின்னச் சின்னப் பூங்கொத்துகளும் கிடந்தன.